வயிற்று முறுக்கலுக்கு எது: நரம்பை மறிக்கும் மருந்தா, கால்சியத்தை மறிக்கும் மருந்தா?

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்யாண விருந்துக்கு மறுநாள், "தம்பி, வயிறு முறுக்குது, ஒரு மாத்திரை குடுங்க" என்று ஆச்சிமார் வருவது வழக்கம். முறுக்கல் ஒன்றுதான். அதை அடக்கும் மருந்துகள் வேறு வேறு இடத்தில் கைவைக்கின்றன.

நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருள், குடல் மென்தசையின் மஸ்கரினிக் ஏற்பியில் (தூதை வாங்கிக்கொள்ளும் புரதம்) ஒட்டும். உடனே தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடும். கொஞ்சம் உள்ளிருப்பு, கொஞ்சம் வெளியிலிருந்து வருவது. அது கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்ததும் தசை இறுகும்.

அட்ரோபின், டைசைக்ளமின், ஹையோசின் எல்லாம் முக்கியமாக அந்த ஏற்பியை மறிப்பவை. நம் பொட்டலில் முளைக்கும் ஊமத்தையின் விஷமும் இந்த வகைதான். வெராபமில் அப்படியல்ல, கால்சியம் நுழையும் வாயிலையே அடைக்கிறது.

இந்த வித்தியாசத்தைக் கல்லூரி ஆய்வகத்தில்தான் கண்ணால் பார்க்க முடியும். முயல் குடல் துண்டை 37 டிகிரி சூட்டில் டைரோடு கரைசலில் (உடல் திரவத்தைப் போன்ற உப்புக் கரைசல்) தொங்கவிட்டு அட்ரோபின் போட்டால், அசிட்டைல்கோலினுக்கு அது அசையாது. அசிட்டைல்கோலின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மறுபடி முழுசாகச் சுருங்கும். பொட்டாசியம் குளோரைடு விட்டாலோ அட்ரோபின் இருந்தும் சுருங்கும், அது ஏற்பியை நம்பாமல் கால்சிய வாயிலைத் திறக்கவைக்கிறது. போதுமான வெராபமில் போட்டபின் பொட்டாசியமும் பலிக்காது. கரைசலில் கால்சியமே இல்லையென்றால், தானாக நடக்கும் சுருக்கம்கூடச் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அப்படியானால் வெராபமிலே மேல் என்று தோன்றும். அதே வாயில் இதயத்திலும் ரத்தக் குழாயிலும் இருக்கிறதே! அதனால் அது இதயத்துக்கும் பிரஷருக்கும் உரிய மருந்து, குடலில் அது செய்வது மலச்சிக்கல். குடலில் போய்க் கரையும் பெப்பர்மின்ட் எண்ணெய்க் குளிகை பெரும்பாலும் அங்கேயே கால்சியத்தைத் தடுக்கிறது. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு மட்டும் ஆகாது. ட்ரோடாவெரின் மூன்றாவது ரகம், செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள் தூதுப் பொருளைக் கூட்டித் தசையைத் தளர்த்தும்.

டைசைக்ளமின் நன்றாகவே கேட்கும். ஆனாலும் வாய் வறளும், பார்வை மங்கும். கண் அழுத்த நோயோ, சிறுநீர் அடைப்போ உள்ள பெரியவர்களுக்கு அதை நான் விரும்புவதில்லை.

அதனால் சீட்டோடு வந்தாலும் முதலில் கேட்பேன்: "ஆச்சி, பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" வெராபமில் என்றால், மலச்சிக்கலே முறுக்கலுக்குக் காரணமாக இருக்கலாம். அதன் மேல் டைசைக்ளமினும் சேர்ந்தால் குடல் இன்னும் மந்தமாகும். மாத்திரையை எடுக்காமல் டாக்டருக்குப் போன் போடுவேன்.