மதுரையில் செல் சுழற்சி ஃப்ளோ சைட்டோமெட்ரி: படம் சுத்தம், அறிக்கை பாதி

மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் முறை) ஓட்டித் தரும் மதுரை ஆய்வகம் ஒன்றைப் பற்றியது இது. செல் சுழற்சிக்கு (செல் வளர்ந்து, டி.என்.ஏ.வை இரட்டித்து, இரண்டாகப் பிரியும் வட்டம்) மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம். ஒரு புரதம் செல்லுக்குச் செல் ஏன் கூடிக் குறைகிறது என்று பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் விவரத்தோடு போக வேண்டும்.

டி.என்.ஏ. படம், அதாவது எந்த அளவு டி.என்.ஏ. எத்தனை செல்லில் என்ற வரைபடம், நன்றாகவே வருகிறது. ஜி1 (டி.என்.ஏ. இரட்டிக்கும் முன் உள்ள கட்டம்) சிகரத்தின் சி.வி., அதாவது சராசரியில் எத்தனை சதவீதம் சிதறல் என்பது, 5 சதவீதத்துக்குள் இருக்கிறது. மாதிரியை மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் சிகரம் அகன்று டி.என்.ஏ. இரட்டிக்கும் எஸ் கட்டத்தோடு கலந்துவிடும். ஒட்டிய செல்களையும் சமிக்ஞையின் பரப்பு, அகலம் பார்த்துக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அதை விட்டால் ஒட்டிக்கொண்ட இரண்டு ஜி1 செல்கள் இரட்டித்து முடித்த ஒரு ஜி2 செல்லாகக் கணக்கில் ஏறும்.

தயாரிப்பு நம் வேலை. மாதிரிக்கு 10 லட்சம் செல்லாவது வேண்டும். வோர்டெக்ஸ் (குழாயைக் குலுக்கும் கருவி) ஓடும்போதே குளிர்ந்த 70 சதவீத எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். எத்தனாலிலேயே ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், அங்கே கழுவி, பார்க்க வேண்டிய புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்ட பிறகு, மில்லிக்கு 50 மைக்ரோகிராம் புரோப்பிடியம் அயோடைடும் (டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயம்) 100 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.ஸும் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம். ஆன்டிபாடி எஃப்.ஐ.டி.சி. என்ற பச்சைச் சாயத்தில் இருக்கட்டும், பி.இ. என்ற ஆரஞ்சுச் சாயம் என்றால் புரோப்பிடியத்தோடு மோதும்.

குறை அறிக்கையில்தான். புரதத்துக்குச் சராசரி ஒளிர்வு ஓர் எண், சி.வி. ஓர் எண், அத்தோடு சரி. சீராகப் பெருகும் கூட்டத்தில் ஒவ்வொரு செல்லும் பிரிவதற்குள் இருமடங்காக வளர்கிறது. புரதச் செறிவு எல்லாச் செல்லிலும் ஒன்றே என்றாலும், மொத்த அளவில் சுமார் 20 சதவீத சி.வி. சுழற்சியாலேயே வந்துவிடும். அறிக்கையில் 30 என்றிருந்தால் நேராக 20-ஐக் கழிக்கக் கூடாது. வர்க்கங்களைக் கழிக்க வேண்டும். 0.09-இல் 0.04 போக 0.05, அதன் வர்க்கமூலம் சுமார் 22 சதவீதம். மற்ற காரணங்கள் சுழற்சியைச் சாராதவை என்றால்தான் இதுவும் பொருந்தும்.

செல்லைப் பிரிவுக்குத் தள்ளும் சைக்ளின் பி1 புரதத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. ஜி1-இல் கிட்டத்தட்ட இல்லை, ஜி2/எம்-இல் (எம் என்பது பிரியும் கட்டம்) உச்சம். அதற்கு ஒரே சராசரி போடுவது வைகைத் தண்ணீருக்கு வருஷச் சராசரி சொல்வது மாதிரி. மருந்தால் செல்கள் ஜி2-இல் தேங்கினாலே போதும், புரதம் ஏறியதாக அறிக்கை வரும்.

ஆகவே செல்லுக்குச் செல் அளவு இருக்கும் மூலக் கோப்பான எஃப்.சி.எஸ். கோப்பைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். அதில் செல்களை ஜி1, எஸ், ஜி2/எம் எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புரதத்தின் மீடியனை (நடு மதிப்பை) பாருங்கள். ஐசோடைப் குழாயையும் (அந்தப் புரதத்தைப் பிடிக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி போட்டது) அதேபோலப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய ஜி2 செல்லுக்குப் பின்னணி ஒளிர்வும் அதிகம். வழக்கமாக 10,000 செல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் ஜி2/எம் 15 சதவீதம் என்றால் கையில் 1,500 செல்தான்; 30,000 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கத்திரி வெயிலில் கரண்ட் போய் ஏசி நின்றால் லேசர் சீர் குலைந்து ஜி1 சிகரமும் இடம் மாறும். மாறியதா என்று தெரிய, மருந்து போடாத மாதிரியை முதலில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.