'லூஸ் அவுட்': மூன்று இலவச அகராதிகளில் எது கைகொடுக்கும்?

லூஸ் அவுட் (lose out) என்ற ஆங்கிலக் கூட்டுவினைக்குப் பொருள் தேடுபவர்கள், கேம்பிரிட்ஜ், லாங்மன், ஆக்ஸ்போர்டு ஆகிய மூன்று இணைய அகராதிகளில் நேராக லாங்மனுக்குப் போகலாம். கேம்பிரிட்ஜ், இன்னொருவருக்கு இருக்கும் சாதகம் நமக்கு இல்லாமல் போவது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. தப்பில்லை, ஆனால் அதை வைத்து வாக்கியம் எழுத முடியாது. லாங்மனோ, நமக்குக் கிடைக்க வேண்டிய நல்லது வேறொருவருக்குப் போய்விடுவது என்கிறது. அந்த 'வேறொருவர்'தான் இந்தச் சொல்லுக்கு உயிர். சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதுவது லாங்மனின் வழக்கம். இங்கே அது நன்றாகவே பலித்திருக்கிறது.

இலக்கணத்துக்கு ஆக்ஸ்போர்டு. 'ஆன்', 'டு' இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. கைநழுவிய பொருளுக்கு முன் ஆன், அதைத் தட்டிக்கொண்டு போனவருக்கு முன் டு. 'ஷி லாஸ்ட் அவுட் ஆன் தி ப்ரமோஷன்' என்றால் பதவி உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. 'வி லாஸ்ட் அவுட் டு எ சீப்பர் பிட்' என்றால் குறைந்த விலை போட்டவருக்கு டெண்டர் போய்விட்டது. ஆன் இல்லாமல் 'லாஸ்ட் அவுட் தி ப்ரமோஷன்' என்று எழுதுவது பிழை. 'லாஸ்ட் அவுட் டு கெட் தி ஜாப்' என்பதும் அப்படியே: இந்த டுவுக்குப் பின் பெயர்ச்சொல்தான் வரும், வினை வராது.

மூன்றிலும் குறை ஒன்று உண்டு. மிஸ் அவுட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நம் தலையில் கட்டிவிடுகின்றன. விழாவுக்குப் போகாமல் இருந்தாலே மிஸ் அவுட்தான்; அதற்குப் போட்டியாளர் யாரும் வேண்டியதில்லை. லூஸ் அவுட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்கும். 'கோட்டை விட்டார்' என்று தமிழாக்கினால் பழி அவர் மேல் விழும். விதி மாறியதால் பகுதிநேர ஊழியர்களுக்குச் சலுகை போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? 'பாதிக்கப்பட்டார்கள்' போதும்.

ஆக்ஸ்போர்டு இதைப் பேச்சுநடை என்று குறிப்பதால், அலுவல் கடிதத்தில் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.

ஒலிப் பொத்தானையும் அழுத்திக் கேளுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால், தொளதொள என்று பொருள்படும் லூஸும் இதுவும் ஒன்றாகத் தெரியும். ஆனால் இழப்பைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலி, தேனீ ரீங்கரிப்பதுபோல் தொண்டை அதிர வர வேண்டும். அழுத்தம் 'அவுட்'டில் விழ வேண்டும். லாங்மனில் கூட்டுவினைகள் மூலவினைப் பதிவின் கடைசியில்தான் இருக்கும். கைபேசியில் பார்த்தால் நிறையவே கீழே தள்ள வேண்டியிருக்கும்.