ஸ்டியரிங் மூன்று, மேசை ஒன்று

போன மாதம் ஒரு கிழமை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இந்த மேசை. அதன்மேல் வீடியோ கேமுக்கான மூன்று ரேஸிங் ஸ்டியரிங். ஒன்று நான் மூன்று வருடமாக வைத்திருக்கும் லொஜிடெக் ஜி 29. இரண்டாவது காத்தான்குடி நண்பன் இரவல் தந்த திரஸ்ட்மாஸ்டர் டி 300. மூன்றாவது, கத்தாரிலிருந்து லீவில் வந்த மாமாவின் மகன் சாரத்துக்கும் சட்டைக்கும் நடுவே சுற்றிக் கொண்டுவந்த ஃபெனடெக் கிரான் டுரிஸ்மோ டிடி புரோ. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தியபடி அம்மா வந்து பார்த்தார்.

"மூண்டு சில்லு கிடக்கு. கார் எங்க மனே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அக்கரைப்பற்றிலிருக்கும் அக்காவின் மகன். பிளேஸ்டேஷன் 5 கன்சோல் வாங்கி ஆறு மாதம். கன்ட்ரோலரில் கிரான் டுரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய விளையாட்டை ஓடிச் சலித்துவிட்டான். "மாமா, எதை வாங்க?" என்று நாளுக்கொரு மெசேஜ். ஒரே மேசையில், ஒரே ஓடுபாதையில், ஒரே காரில் மூன்றையும் ஓடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்னால், வாங்கப்போவது உங்கள் கன்சோலோடு பேசுமா என்று பாருங்கள். நான் பட்ட பாடு அப்படி. முதன்முதலில் என் கைக்கு வந்தது ஜி 29 இல்லை, ஜி 920. கொழும்பில் பாவித்த பொருள் விற்கும் ஒருவர் "எல்லாத்துக்கும் வேலை செய்யும்" என்றார். உதயதேவி ரயிலில் மட்டக்களப்பு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செருகினால் பிளேஸ்டேஷன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 920 எக்ஸ்பொக்ஸ் கன்சோலுக்கும் கணினிக்கும் உரியது, 29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. உள்ளே இருக்கும் மோட்டரும் பல்சக்கரமும் அநேகமாக ஒன்றுதான். கன்சோல் கேட்கும் அடையாளம்தான் வேறு. அடுத்த கிழமை அதே ரயில், அதே மடி, எதிர்த்திசை.

பொத்தானைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். முக்கோணம், வட்டம், சதுரம் இருந்தால் பிளேஸ்டேஷன். ஏ, பி, எக்ஸ், வை என்று எழுதியிருந்தால் எக்ஸ்பொக்ஸ். 2020இல் வந்த ஜி 923இல் இந்தப் பொறி இன்னும் மோசம், இரண்டுக்கும் பெயரே ஒன்று. டி 300 பிளேஸ்டேஷன் பக்கம், எக்ஸ்பொக்ஸில் ஓடாது. ஃபெனடெக்கில் கதை வேறு: எக்ஸ்பொக்ஸுக்கான அனுமதி கையில் பிடிக்கும் வளையத்துக்குள் இருக்கிறது, பிளேஸ்டேஷனுக்கான அனுமதி மோட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் பாவித்ததாக வாங்கினால் எந்தப் பெட்டி, எந்த வளையம் என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

மோட்டர் இல்லாத இன்னொரு வகையும் உண்டு, வளைத்துவிட்டால் ரப்பரோ ஸ்பிரிங்கோ திரும்ப இழுத்துவிடும், அவ்வளவுதான். திரஸ்ட்மாஸ்டர் டி 80 அந்த ரகம். பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கலாம். மருமகனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றால், ஸ்டியரிங் வாங்குவதே அது திருப்பிப் பேசுவதற்காகத்தான். மாரி மழையில் தண்ணீர் தேங்கிய தெருவில் கார் ஓடியவர்களுக்குத் தெரியும். ரயர் தரையை விடுகிற அந்த நொடியில் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். நல்ல ஸ்டியரிங் இதைத்தான் மோட்டரால் செய்து காட்டுகிறது. வளைவில் முன் ரயர் பிடிப்பை இழக்கத் தொடங்கும்போது கையிலிருக்கும் பாரம் குறையும், நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பீர்கள். கன்ட்ரோலரின் அதிர்வு "ஏதோ நடந்துவிட்டது" என்று மட்டும்தான் சொல்லும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லும்.

சரி, ஓடுபாதைக்கு வருவோம். சுசுகாவைத் தேர்ந்தெடுத்தேன். 5.8 கிலோமீற்றர், எட்டு வடிவில் தன்னையே தாண்டிப் போகும் பாதை. காராக, விளையாட்டின் தொடக்கத்தில் தெரிவுசெய்யக் கிடைக்கும் டொயோட்டா அக்குவா. மட்டக்களப்புத் தெருவில் பத்து அடிக்கு ஒன்று நிற்கும் கார், அதனால் கைக்குப் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை.

சுசுகாவின் முதல் வளைவுகளைத் தாண்டியதும் இடம், வலம், இடம், வலம் என்று பாம்பு போலக் கிறுகும் பகுதி வரும். மூன்று ஸ்டியரிங்கின் சாதகமும் அங்கே தெரிந்துவிடும். ஜி 29 பல்சக்கரத்தில் ஓடுவது. உள்ளே இரண்டு மோட்டர், சாய்ந்த பல். விசை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் பற்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி தட்டும். அலுமினியச் சட்டியில் சிப்பியைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம் அது. பகலில் பரவாயில்லை. ஆனால் வெக்கை அடங்கி, வேலை முடிந்து, ரிவி ஓய்ந்து நமக்கு நேரம் கிடைப்பது இரவு பத்துக்குப் பிறகுதானே. பக்கத்து அறையில் அம்மா நித்திரை. ஓடுபாதை ஓரத்துக் கேர்ப்பில் சில்லு ஏறினால் வீடே எழும்பும். இன்னொன்று, ஸ்டியரிங் நேராக நிற்கும் இடத்தில் கொஞ்சம் செத்த இடம் உண்டு. நேர் பாதையில் மிகச் சிறிய திருத்தம் செய்தால் காருக்குக் கேட்காதது போல இருக்கும்.

டி 300 பெல்ட்டில் ஓடுவது. தட்டல் இல்லை, இழுவை வழுக்கிக்கொண்டு வரும். அதே பாம்பு வளைவில் கையில் எண்ணெய் பூசியது போல இருந்தது. 1080 பாகை வரை சுற்றும், ஜி 29 900 பாகை. ஓட்டப்பந்தயத்தில் அந்த வித்தியாசம் யாருக்கும் வேண்டாம். வளையத்தைக் கழற்றி வேறு மாட்டலாம், ஜி 29இல் அது நடவாது. ஆனால் ஜி 29இன் தையல் போட்ட தோல் வளையத்தைப் பிடித்த கைக்கு டி 300இன் ரப்பர் வளையம் இரண்டாம்தரமாகப் படும். டி 300க்குள் ஒரு காற்றாடி இருக்கிறது. நீண்ட நேரம் ஓடினால் மோட்டர் சூடேறி விசை தளர்ந்துபோகும் என்பது இதைப் பாவிப்பவர்கள் பரவலாகச் சொல்லும் குறை. சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவதில் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டரின் தண்டிலேயே நேராக ஸ்டியரிங். டைரக்ட் டிரைவ் என்பது இதுதான். சத்தம் என்று எதுவும் இல்லை. முறுக்கு விசை 5 நியூட்டன் மீற்றர் என்று போட்டிருப்பது விளங்காவிட்டால் இப்படிப் பாருங்கள்: 28 சென்ரிமீற்றர் வளையத்தின் விளிம்பில் அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ இழுவை. சந்தையில் ஒரு நடுத்தரப் பாரை மீனை வாலில் பிடித்துத் தூக்குகிற பாரம். பெரிய பவர் சப்ளை மாட்டினால் 8 நியூட்டன் மீற்றர், ஆறு கிலோவுக்குக் கிட்ட. ஜி 29 இதே கணக்கில் ஒன்றரைக் கிலோ அளவுதான். முதல் சுற்றில் பாதையின் ஒட்டுப்போட்ட இடங்கள்கூடத் தனித்தனியாகக் கையில் விழுந்தபோது, மூன்று வருடமாகக் கையுறை போட்டுக்கொண்டா ஓடினேன் என்று தோன்றியது.

இத்தோடு தீர்ப்பு சொல்லி முடித்திருக்கலாம். காசிருந்தால் ஃபெனடெக், இல்லாவிட்டால் டி 300, அதுவும் இல்லாவிட்டால் ஜி 29. எல்லோரும் சொல்வதும் அந்த வரிசைதான். ஆனால் மூன்றாம் நாள் நேரத்தை எழுதி வைத்த கொப்பியைப் பார்த்தபோது வரிசை தலைகீழ். ஜி 29இல்தான் நான் வேகம். ஃபெனடெக்கில் சுற்றுக்கு ஒரு செக்கனுக்கு மேல் பின்னால்.

பழக்கம் ஒரு காரணம், ஓம். ஆனால் அது மட்டும் இல்லை. சுசுகாவில் 130 ஆர் வளைவைத் தாண்டியதும் கடைசிச் சிறு மடிப்புக்கு முன்னால் பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டும். அங்கே ஃபெனடெக் மேசையை இழுத்தது. மேசை ஆட, கை ஆட, கால் தவறான இடத்தில் மிதித்தது. ஐந்து நியூட்டன் மீற்றரை அடக்க எங்கள் முதிரை மேசைக்கே சீவனில்லை. அந்தப் பெட்டி அசலில் மேசையில் வைக்கச் செய்ததும் இல்லை. அடியில் ஆணி போட்டு இறுக்க வேண்டியது, மேசையில் வைக்க ஒரு கவ்வி வேண்டும். ஜி 29 இரண்டு பக்கமும் கவ்வி இறுக்கிக் கொள்ளும். டி 300க்கு நடுவில் ஒற்றைக் கவ்வி, போதுமாக இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பெடல். ஸ்டியரிங்கை எல்லோரும் பார்க்கிறார்கள், பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. ஜி 29உடன் மூன்று பெடல் வரும். பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருப்பதால் பாதிக்கு மேல் கல்லு மாதிரி இறுகும். பலர் இதைத் திட்டுவார்கள், எனக்கு இதுதான் பிடிக்கும். கால் தூரத்தை நினைவில் வைப்பதைவிட அழுத்தத்தை நன்றாக நினைவில் வைக்கும். சாதாரண டி 300உடன் வருவது இரண்டு பெடல், பிரேக் மெத்தை போல அமுங்கும். ஜிடி எடிஷன் என்றால் மூன்று பெடல். மாமாவின் மகன் கொண்டுவந்த பெட்டியிலும் இரண்டு பெடல்தான். 2021இல் அறிவித்தபோது 699.95 டொலர் விலை போட்டிருந்த பெட்டி அது. கால் அழுத்தத்தையே அளக்கும் லோட் செல் பிரேக் வேண்டுமென்றால் அதற்கு மேலும் காசு.

அந்த இறுகிய ரப்பரை ஏறி மிதித்தால் கதிரை பின்னால் போகும். என்னுடையது சில்லு வைத்த அலுவலகக் கதிரை. முதல் மாதம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு சாண் பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். பிறகு படகு கட்டும் நைலோன் கயிறை வாங்கி, பெடல் பூட்டிய பலகைக்கும் கதிரைக் காலுக்கும் ஒரு சுருக்குப் போட்டேன். மிதிக்கிற பலமே கதிரையைப் பிடித்துக்கொள்ளும். நூறு ரூபாய் கயிறு தந்த வேகத்தை இந்த மூன்று பெட்டியில் எதுவும் தரவில்லை.

இங்கே வேறு எதிரியும் உண்டு. கல்லடியில் உப்புக் காற்று, மணல். ஜி 29, டி 300 பெடல்களுக்குள் இருப்பது பழைய ரேடியோவின் ஒலிக்குமிழ் போன்ற பொட்டென்ஷியோமீற்றர். தூசி ஏறினால் ரேடியோ கரகரப்பது போலப் பெடலும் நடுங்கும். காலை வைக்காமலே கார் கொஞ்சம் பிரேக் பிடிப்பதாகத் திரையில் தெரியும். கழற்றி, கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் சரி. அது ஒரு பின்னேர வேலை, ரேடியோ திருத்தும் எவரும் செய்து தருவார். டைரக்ட் டிரைவ் மோட்டரில் ஏதாவது போனால் மட்டக்களப்பில் யாரிடம் கொண்டுபோவது? கனமான பெட்டி, திருப்பி அனுப்பும் கூலியே தனிக் கணக்கு. கத்தார்க்காரனுக்கே பதில் இல்லை.

கரண்ட் விஷயத்தை ஒரு வரியில் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது கொண்டுவரச் சொன்னால் பவர் சப்ளையில் 230 வோல்ற் தாங்குமா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், கரண்ட் போய் வந்து கன்சோலைத் திரும்பப் போட்டால் ஜி 29 தன்பாட்டில் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் ஒருமுறை கிறுகி நிற்கும். அளவு பார்க்கிறதாம். இருட்டில் அதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சின்னவன் இரண்டு நாள் எங்கள் வளவுக்குள் வரவில்லை.

மருமகனுக்கு நான் எழுதிய பதில் இதுதான். தனி அறை இருந்து, ஸ்டியரிங், பெடல், சீற் மூன்றையும் பூட்டும் இரும்புச் சட்டம் அடிக்க இடமும் இருந்தால் டி 300 வேண்டாம். ஜி 29 பாவித்ததாக வாங்கு, மீதிக் காசில் சட்டம் அடி, இரண்டு வருடம் ஓடு. மறுகா நேரே டைரக்ட் டிரைவுக்குப் போ. ஜி 29, டி 300 இரண்டின் அடியிலும் எம் 6 ஆணிக்குத் துளை இருக்கிறது, சட்டம் வீணாகாது. உன் அறை எதிரொலிக்கும் தகர அறையாக இருந்து, பக்கத்தில் பச்சைப்பிள்ளை படுத்திருந்தால் மட்டும் டி 300 ஜிடி எடிஷன். சத்தத்துக்குக் கொடுக்கும் காசு அது. ஜி 923 புதிதாக மலிவில் கிடைத்தால் எடு, ஆனால் ஜி 29இலிருந்து அதற்கு மாறக் காசு செலவழிக்காதே, உள்ளே அதே பல்சக்கரம்தான்.

காத்தான்குடி நண்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பல்லுச் சில்லுக்குப் போய்ப் பெல்ட்டை வேணாங்கிறியே மச்சான்" என்று டி 300ஐத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அவன் வீட்டில் மூன்று சின்னப்பிள்ளைகள். அவன் சொல்வதும் அவன் வீட்டுக்குச் சரிதான்.

நேற்று மருமகனிடமிருந்து ஒரு படம் வந்தது. கல்முனையில் கேற் அடிக்கும் வெல்டிங் கடையில் ஒன்றரை அங்குல பொக்ஸ் பாரில் சட்டம் அடித்துவிட்டான். பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய சீற், யாரோ வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற். ஸ்டியரிங் இன்னும் வாங்கவில்லை. வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு, காலை நீட்டி, சீற்றில் உட்கார்ந்திருக்கிறான்.