ஒகினாவா கட்டா: வீடியோவைப் பார்த்தா, புத்தகத்தை வைத்தா?

என் கராத்தே மாஸ்டர் வேலை மாற்றலில் வேறு ஊருக்குப் போனபோது எனக்குப் பாதிக் கட்டாக்கள்தான் உருப்படியாக வரும். கட்டா என்றால் எதிராளி இல்லாமல் தனியாக, வரிசை மாறாமல் செய்யும் அடி, தடுப்பு அசைவுகளின் தொகுப்பு. நான் பழகுவது மட்சுபயாஷி-ரியூ. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் வந்த ஷோரின் வழிக் கராத்தேயில் ஒரு கிளை. மொத்தம் 18 கட்டாக்கள். ஃபுக்யுகட்டா இரண்டு, பினான் ஐந்து, நைஹான்ச்சி மூன்று, இவ்வளவுதான் நம்பிச் செய்வேன். அதற்கு மேல் அரைகுறை. பக்கத்தில் இந்த ஸ்டைல் சொல்லித்தர வேறு ஆள் இல்லை. முதலில் ஒரு வருடம் வீடியோ, அப்புறம் ஒரு வருடம் புத்தகம் என்று இரண்டிலும் மாட்டிக்கொண்டு, கடைசியில் புத்தகத்தோடு தங்கிவிட்டேன்.

மாஸ்டர் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. போய் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

வீடியோவின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசில்லை, வேகம் தெரிகிறது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கால் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. பினான் ஐந்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவர் ஒகினாவா ஆசிரியர் இடோசு அன்கோ. அவரிடம் பயின்ற ஃபுனாகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவுக்குப் போனார். பின்னாளில் அவர் பினான் என்ற பெயரை ஹேயான் ஆக்கினார், முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார். அதனால் ஹேயான் ஷோடான், அதாவது முதல் ஹேயான், என்று தேடி எடுத்தால் கையில் கிடைப்பது நமது பினான் நிடான், இரண்டாவது பினான். செய்சான் என்ற கட்டா இன்னும் மோசம். ஷோரினில் ஒன்று, கோஜு-ரியூ, உயேச்சி-ரியூ என்ற மற்ற ஒகினாவா ஸ்டைல்களில் ஒவ்வொன்று. பெயர்தான் ஒன்று, செய்முறை வேறு.

போட்டி வீடியோக்கள் தனி ரகம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒகினாவாவின் கியுனா ரியோ ஓஹான் டாய் என்ற கட்டாவைச் செய்து தங்கம் வென்றதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பார்க்கலாம், ரசிக்கலாம். ஆனால் அந்த நிறுத்தங்களையும் முறைப்பையும் நம் உடம்பு தானாகக் காப்பியடிக்கத் தொடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. பாஸாய் என்ற கட்டாவை ஒருமுறை செய்து காட்டியபோது, "யாரைப் பார்த்துப்பா இப்படி விறைக்கிறே?" என்று மாஸ்டர் போனிலேயே கேட்டார்.

இனி புத்தகம். மட்சுபயாஷியைத் தோற்றுவித்த நாகமினே ஷோஷின் எழுதியது. 18 கட்டாக்களும் படிப்படியாகப் படத்தோடு இருக்கின்றன. விரித்தால் விரிந்து கிடக்க வேண்டுமே என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். புத்தகப் பிரியர்கள் மன்னிக்க.

என்னைப் புத்தகத்தின் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: தேய்மானம். கட்டாவைக் கற்பது பெரிதில்லை. தனியாகப் பழகும்போது அது தேயாமல் வைத்திருப்பதுதான் பாடு. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை காலடி குறையும். முட்டி கொஞ்சம் நிமிரும். நமக்குத் தெரியவே தெரியாது. வீடியோவை ஓடவிட்டுக் கூடவே செய்தால் அந்த வேகத்தில் பிழையும் சேர்ந்தே ஓடிவிடுகிறது. பார்க்கும் கண், தான் செய்வதையே அங்கேயும் பார்த்துக்கொள்கிறது. புத்தகத்தில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. எந்தக் கால், எந்தத் திசை, எந்த நிலை என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும்.

என் மகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதை வாசிப்பாள், நான் செய்வேன். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அப்பா, இதுல வலது கால்னு போட்டிருக்கு. நீங்க இடதை வெச்சிருக்கீங்க" என்றாள். பினான் கோடானில், அதாவது ஐந்தாவது பினானில், பல மாதங்களாக. வீடியோவில் அதே இடத்தை எத்தனையோ தடவை பார்த்தவன் நான்.

இன்னொன்று என்புசென், அதாவது காலடி போகும் பாதையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த கோடு. மட்சுபயாஷியின் சிந்தோ என்ற கட்டா, கியான் சோடோகு என்ற ஒகினாவா ஆசிரியரின் வழியில் வந்தது. அது மூலைவாட்டில் போகும். இடோசு வழிச் சிந்தோ முன்னும் பின்னும் நேராகப் போகும். வீடியோவில் கேமரா எந்தக் கோணத்தில் இருந்ததோ, நான் நேர்க்கோட்டிலேயே பழகியிருந்தேன். கோட்டுப் படத்தைப் பார்த்த பிறகு மாடித் தரையில் சாக்பீஸால் ஒரு சாய்கோடு போட்டேன். நைஹான்ச்சிக்கும் ஒரு கோடு உண்டு. அது பக்கவாட்டில் மட்டுமே நகரும் கட்டா. முடிக்கும்போது தொடங்கிய குறியில் கால் நிற்கவில்லையென்றால் எங்கேயோ ஒரு பக்கம் அடி நீண்டிருக்கிறது என்று பொருள்.

புத்தகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பது முடிந்த நிலை, வழி அல்ல. நம்மைப் பார்த்து நிற்கிறவரின் இடது நமக்கு வலதாகத் தெரியும். அதனால் நான் படத்தை நம்புவதைவிட வரியை நம்புகிறேன். ஒரு கட்டாவை முதன்முதலாகப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியுமா என்றால், எனக்கு முடியவில்லை. வாங்கான் என்ற கட்டாவில் முயன்று இரண்டு மாதம் வீணானது. வரிசையைப் பிடிக்க வீடியோ, பிடித்ததைக் காக்கப் புத்தகம் என்றுதான் இப்போது ஓடுகிறது.

கோஜு-ரியூக்காரர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்களின் சான்ச்சின் கட்டாவைச் சில வாரம் எட்டிப்பார்த்ததோடு சரி. அதில் மூச்சும் இறுக்கமும்தான் எல்லாம். ஆசிரியர் தோளிலும் தொடையிலும் தட்டித்தான் பார்ப்பார். புத்தகம் தட்டாது, வீடியோவும் தட்டாது.

பொங்கலுக்கு மாஸ்டர் ஊருக்கு வரும்போது புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போகிறேன். அவர் திருத்துவதை அந்தந்தப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். சிந்தோவின் தாவி உதைக்கும் படங்களுக்கு நடுவே மட்டும் எழுத இடமில்லை, தனித்தாள் ஒட்டியிருக்கிறேன்.