அறுந்த பீஸ் திரும்பி வருமா? மேட்பிளாட்லிப்போடு ஆறு வருடம்

டென்சைல் டெஸ்ட், அதாவது ஒரு பீஸை அறும்வரை இழுத்துப் பார்க்கும் சோதனையின் டேட்டாவை எக்ஸெலில் வரைந்துகொண்டிருந்த நான், பைத்தானுக்கும் அதில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்புக்கும் மாறி ஆறு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பீஸ் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிஎஸ்வி ஃபைல். ஒரே வேலையை ஒவ்வொரு ஃபைலுக்கும் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார் லூப் எழுதிவிட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாப் படமும் தயார். தப்பாக எழுதினாலும் அதே நேரத்தில்தான் தயாராகும் என்பது போகப்போகத்தான் புரிந்தது.

முதல் மாதம் மாட்டிக்கொண்டது எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடத்தில்தான். முதல் படத்தில் ஒரு கோடு, இரண்டாவதில் இரண்டு, பத்தாவதில் பத்து. 2003-இல் மேட்பிளாட்லிப்பை வெளியிட்ட ஜான் ஹண்டர், மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் பாணியிலேயே அதை அமைத்தார். இப்போது திறந்திருக்கும் படம் எதுவோ, அதன் மேல்தான் அடுத்த கோடும் விழும். சரி என்று ஒவ்வொரு சுற்றிலும் புதுப் படம் திறந்தேன், மூடவில்லை. இருபதைத் தாண்டியதும் எச்சரிக்கை வந்தது. அதையும் கவனிக்காமல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் திணறியது.

இன்னொரு தடவை ஒவ்வொரு புள்ளியையும் லூப்புக்குள் தனித்தனியாக வரையச் சொல்லிவிட்டேன். அச்சில் எண்களெல்லாம் சரியாக இருந்தன, உள்ளே வெறும் வெள்ளை. ஒற்றைப் புள்ளிக்குக் கோடு ஏது? புள்ளியைக் குறிக்கும் மார்க்கர் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

மறக்க முடியாதது மூன்றாவது வருடம் நடந்தது. ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் (விசையைப் பரப்பால் வகுத்தது, நீண்ட விகிதம்) வளைவு ஏறி, வளைந்து, பீஸ் அறும் இடம்வரை ஒழுங்காகப் போயிற்று. அங்கிருந்து ஒரு நேர்கோடு பூஜ்யத்துக்கே திரும்பி வந்தது. பக்கத்து சீட்டுத் தம்பி, "அண்ணே, இது அன்லோடிங்தானே?" என்றான். இழுக்கும் விசையைத் தளர்த்துவதைத்தான் சொன்னான். நானும் ஒரு நிமிடம் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அறுந்த பீஸை எப்படி அன்லோட் செய்வது? உண்மையான அன்லோடிங் கோடு என்றால் ஆரம்பச் சரிவுக்கு இணையாக இறங்கும். நிரந்தரமாக நீண்ட அளவு மிச்சமிருக்கும், பூஜ்யத்துக்கு வராது. டேட்டாவைச் சேர்த்து வைக்கும் காலி லிஸ்ட்டை லூப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கியிருந்தேன். முதல் பீஸின் டேட்டா முடிந்த இடத்தில் இரண்டாவதன் டேட்டா ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு முனைகளையும் சேர்த்த கோடுதான் அது. லிஸ்ட்டை உருவாக்கும் அந்த ஒரே வரியை லூப்புக்குள் தள்ளினேன், நேர்கோடு போயிற்று.

இது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதவைதான் பயம். பீஸின் விட்டத்தை முதல் ஃபைலிலிருந்து மட்டும் படித்து, குறுக்குவெட்டுப் பரப்பை லூப்புக்கு வெளியே ஒரேயடியாகக் கணக்கிட்டிருந்தேன். முதல் பீஸ் 12.5 மி.மீ., நாலாவது 12.4 மி.மீ. பரப்பில் 1.6 சதவீதம் வித்தியாசம். ஸ்ட்ரெஸ் 250 மெகாபாஸ்கல் பக்கத்தில் இருந்தால், நாலாவது பீஸுக்கு 4 மெகாபாஸ்கல் குறைத்துக் காட்டும். வளைவைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு புள்ளியைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்ததால் பிடிபட்டது. ஃபைல் பெயர் வரிசையும் இதே ரகம்தான். பெயரை எழுத்தாகப் பார்த்து அடுக்கினால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். எந்த வளைவு எந்த பீஸ் என்று சொல்ல கையால் எழுதிய லெஜண்ட் பட்டியல் 1, 2, 3 என்று போனால், வளைவு ஒரு பீஸுடையது, பெயர் இன்னொன்றுடையது.

இப்போது நாற்பது ஃபைலையும் எடுத்த எடுப்பில் ஓட விடுவதில்லை. முதலில் இரண்டு. ஒன்று போதாது, ஏனென்றால் மிச்சம் ஒட்டிக்கொள்ளும் தப்பெல்லாம் இரண்டாவது சுற்றில்தான் தலைகாட்டும். லூப்பின் உடம்பை ஒரு ஃபங்ஷனுக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன். லிஸ்ட், பரப்பு, படம் எல்லாம் அங்கேயே பிறந்து அங்கேயே முடியும். பதினேழாவது ஃபைலில் மட்டும் கோளாறு என்றால், எண் 17 ஆகும்போது மட்டும் நிற்கிற மாதிரி, புரோகிராமை நடுவில் நிறுத்தும் பிரேக்பாயிண்ட்டுக்கு நிபந்தனை வைப்பேன். நாற்பது பிரிண்ட் வரிகளைப் படித்துக் கண் எரிந்த காலம் போதும்.

வேறு கருவிக்கு மாறும் எண்ணம் இல்லை. அந்த நேர்கோட்டுப் படத்தையும் அழிக்கவில்லை. புதிதாகச் சேருபவர்களிடம் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்பேன். பாதிப் பேர் அன்லோடிங் என்றுதான் சொல்கிறார்கள்.