நெல்லை ரேட், சென்னை ரேட்: ஐந்து மாதம் ஹோம் நர்ஸ் வைத்த கணக்கு

அம்மாவுக்கு வயது 81. தை மாதம் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், படுக்கைப் புண் வரக்கூடாது. எனக்கு நெல்லை வண்ணார்பேட்டையில் ஹார்டுவேர் கடை. வீட்டிலோ மனைவிக்கே முட்டு வலி. அதனால் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சியைப் பிடித்தேன். பெயர் போடவில்லை. நெல்லையிலும் சென்னையிலும் கிளை இருக்கிறது, அது போதும்.

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். வந்த பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து. அனுப்பியவர்களுக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் அந்தப் பிள்ளையை அனுப்பியதற்காக.

போனில் "ஸ்டாஃப் நர்ஸ் வருவாங்க சார்" என்றார்கள். பதிவுக் கட்டணம் 3,000, திரும்பக் கிடையாது. இருபத்தி நாலு மணி நேரமும் வீட்டோடு இருக்க மாதம் 25,000. சாப்பாடு, படுக்கை நம்முடையது. மறுநாள் காலையில் ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளை ஒன்று தோள்பையோடு வந்து நின்றது. ரத்தம் உறையாமல் இருக்க அம்மாவுக்கு வயிற்றில் தினமும் ஊசி. மருந்தை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. "அண்ணாச்சி, நான் ஊசி போட மாட்டேன். ஒரு வருசம் அசிஸ்டெண்ட் கோர்ஸ்தான் படிச்சிருக்கேன். அவுக உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. ஆள் வைக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம். இவர்கள்தான் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ், ஆளுக்கு ஒரு பதிவு எண் உண்டு. தனியார் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருடம் படித்தவர்களுக்கு அது கிடையாது. போனிலேயே எண்ணைக் கேட்டிருந்தால் எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஊசிக்குத் தனியாக ஒரு ஜி.என்.எம். அக்காவைப் பிடித்தோம், ஒரு தடவைக்கு 300.

ஆனால் அந்தப் பிள்ளையின் வேலையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும், ராத்திரியிலும். காற்றடிக்கிற ஆல்ஃபா பெட் வாங்கிப் போட்டிருந்தோம், "இதை நம்பித் திருப்பாம இருந்தா முதுகு போயிரும்" என்று எனக்கே பாடம் எடுத்தது. கடையின் பழைய பில் புக்கை வாங்கி, ஒவ்வொரு பில்லின் பின்பக்கமும் நேரம் போட்டு எழுதும்: வலது பக்கம், இடது பக்கம், மாத்திரை, மூத்திரம், எத்தனை கரண்டி கஞ்சி. "ஆச்சி ராத்திரி ரெண்டு மட்டம் முழிச்சாவ, தாத்தாவைக் கூப்பிட்டாவ" என்றுகூட ஒரு நாள் எழுதியிருந்தது. அப்பா போய் ஒன்பது வருடம். ஐந்து மாதத்தில் ஒரு புண் இல்லை. நாலாவது மாதம் அம்மா வாக்கரைப் பிடித்து வாசல் வரை வந்துவிட்டார்.

மூன்றாவது மாதம் 12ஆம் தேதி ஆகியும் பிள்ளைக்குச் சம்பளம் வரவில்லை. நான் ஒன்றாம் தேதியே ஏஜென்சிக்குப் போட்டுவிடுவேன். அப்போதுதான் கேட்டேன், கைக்கு எவ்வளவு வருகிறது என்று. 15,000. எனக்குச் சிமெண்டு மூட்டையில் பத்து ரூபாய் நிற்பதே பெரும்பாடு. இவர்களுக்கு ஒரு ஆளில் மாதம் 10,000. லீவு நாளுக்கு மாற்று ஆள் அனுப்ப அந்தப் பணம் என்கிறார்கள். எனக்கு மாற்று ஆள் வந்தது மொத்தமே ஒரு தடவைதான்.

இதைத் தங்கச்சியிடம் போனில் புலம்பினேன். அவள் குரோம்பேட்டையில் இருக்கிறாள், மாமியாருக்குப் பக்கவாதம், அதே ஏஜென்சி, அதே அசிஸ்டெண்ட் வேலை. அவள் கட்டுவது 35,000, அங்கே இருக்கும் பிள்ளைக்குக் கைக்கு 22,000. அந்தப் பிள்ளை எந்த ஊர் தெரியுமா? நம்ம நெல்லைப் பக்கத்து முக்கூடல்.

நேரே நெல்லைக் கிளைக்குப் போனேன். மேனேஜர் தம்பி சிரித்துக்கொண்டே, "அது சென்னை ரேட் சார். அங்க வாடகை, விலைவாசி எல்லாம் கூட" என்றார். யாருக்கு வாடகை தம்பி? இந்தப் பிள்ளைகள் வாடகை கொடுப்பதே இல்லை. நோயாளி வீட்டில் தூங்கி, நோயாளி வீட்டில் சாப்பிடுகிறார்கள். என் கடையில் பெயிண்ட் டின்னில் அச்சடித்த விலை பாளையங்கோட்டையிலும் ஒன்று, பாண்டி பஜாரிலும் ஒன்று. டின்னுக்கு ஒரே விலை, ஆலங்குளத்துப் பிள்ளைக்கு மட்டும் ஊருக்கு ஒரு விலை. அவருக்குப் பதில் வரவில்லை. டீ வரவழைத்தார்.

ஊசி போட வரும் ஜி.என்.எம். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நீங்க இப்பத்தான் கண்டுபிடிக்கியளா அண்ணாச்சி?" என்றார். அவர் இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 11,000க்கு இருந்தவர். நர்ஸ்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2016இல் உத்தரவு போட்டு, அதன்படி அமைந்த கமிட்டி 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமமாகவே கொடுக்கச் சொன்னது. கேரளத்து நர்ஸ்கள் வேலைநிறுத்தம், போராட்டம் என்று விடாமல் நின்று, 2018இல் அந்த 20,000த்தைக் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பாகவே வாங்கிவிட்டார்கள். அக்கா உடனே ரயிலேறித் திருவனந்தபுரம் போய் மூன்று வருடம் வேலை பார்த்தார். நாகர்கோவிலைத் தாண்டினால் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு. கல்யாணமாகித் திரும்பி வந்ததும் மறுபடி பழைய கதை, அதனால்தான் வீடு வீடாக ஊசி.

நம் தமிழ்நாட்டில் அரசு ஒப்பந்த நர்ஸுக்கு 2015இல் 7,700 கொடுத்தார்கள், போராடிய பிறகு 14,000, அப்புறம் 18,000. போதாதுதான். ஆனால் அதில் சென்னை என்றும் செங்கோட்டை என்றும் பிரிவு கிடையாது, தொகுப்பூதியம் எல்லோருக்கும் ஒன்று. அக்காவோடு படித்த ஒருவர் லண்டனில் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். நடு லண்டன் என்றால் சம்பளத்தில் 20 சதவீதம் கூட, ஊர் ஓரம் என்றால் குறைவு, அதற்கும் மேல்வரம்பு கீழ்வரம்பு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். நர்ஸுக்கும் அங்கே இருக்கிற உதவியாளருக்கும் அதே கணக்கு. ஊருக்கு ஊர் வித்தியாசம் வைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்காக எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். எங்கள் மேனேஜர் தம்பியிடம் அந்தத் தாளைக் கேட்டேன். "சிஸ்டத்துல இருக்கு சார்" என்றார்.

அதன் பிறகு மாதம் 2,000 பிள்ளை கையிலேயே கொடுத்தேன். ஏஜென்சியை விட்டு நேரடியாக வைத்துக்கொள்ள முடியாது, ஒப்பந்தத்தில் ஒரு மாதக் கட்டணம் அபராதம் என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது நானும் படிக்கவில்லை.

ஐந்தாவது மாதம் முடிகையில் ஏஜென்சியே பிள்ளைக்குச் சென்னைக் கிளையில் டூட்டி போட்டது, 22,000. அந்த 7,000 வித்தியாசத்தை நானே தருகிறேன், பிள்ளையை இங்கேயே விடுங்கள் என்றேன். நெல்லைக்கு அந்த ரேட் இல்லை என்றார்கள். தருகிறேன் என்பவனிடம் வாங்க ரேட் இல்லையாம்! அம்மா பிள்ளையின் கையில் 500 ரூபாயைத் திணித்தார், நான் ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் வந்தது. வேளச்சேரியில் ஒரு பெரியவரைப் பார்க்கிறதாம். "இடம் எப்படிம்மா?" என்றேன். எங்கள் வீட்டில் தனி அறை, கட்டில், ஃபேன் எல்லாம் இருந்தது. பிள்ளை போனைத் திருப்பிக் காட்டியது. பெரியவர் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பாய்.