செயற்கை மூட்டுக்குக் கிடைத்த கை: பெக்கா பி40 உதவி பற்றி

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய என் அம்மா, கடைசி நான்கு ஆண்டுகளாக வீட்டுப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். வலது முழங்கால் மூட்டை மாற்றுவதே வழி என்று அரசு மருத்துவமனை நிபுணர் சொன்னபோது, மருத்துவமனைக் கட்டணம் எங்களை அச்சுறுத்தவில்லை. நிபுணரைப் பார்க்க அங்கே 5 வெள்ளிதான். செயற்கை மூட்டை நாங்களே வாங்கித் தரவேண்டும் என்பதுதான் இடித்தது. விலைப்பட்டியலில் இருந்த தொகை, அம்மாவின் ஊழியர் சேமநிதியில் மிச்சமிருந்ததைவிட அதிகம். "வலி பழகிப்போச்சுய்யா, விடு" என்று அந்தத் தாளை மடித்து நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

வருமானத்தில் கீழ்நிலையில் உள்ள 40 விழுக்காட்டினருக்கென்று (அதுதான் பி40) மலேசிய அரசு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 மருத்துவ உதவித் திட்டம் அந்தத் தாளை மீண்டும் வெளியே எடுக்க வைத்தது. முதலில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென்று இருந்தது, 2020 முதல் அந்த வரம்பு 40 வயதாகக் குறைந்தது. அரசின் ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய துணையும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. செயற்கை மூட்டு போன்ற மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை கிடைக்கிறது. சந்தா கட்டுவதில்லை என்றாலும், இது செய்வது காப்பீட்டின் வேலைதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் காப்பீட்டை ஏறக்குறைய எல்லாருக்கும் விரிவுபடுத்தியது. மூட்டு மாற்று, முதுகு அறுவை போன்ற தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைகள் அதன்பின் 9.3 விழுக்காடு கூடியதாகவும், தள்ளிப்போட முடியாதவை கூடவில்லை என்றும் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. எங்கள் தாமானிலும் அதே கதைதான்: இடுப்பெலும்பு முறிந்தவரை எப்படியும் ஆம்புலன்சில் ஏற்றிவிடுவார்கள், மூட்டு தேய்ந்தவர்தான் விலையைக் கேட்டுத் திரும்பி வருவார். அம்மாவின் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளி. அவரும் இந்த உதவியில்தான் வந்திருந்தார்.

குறைகளும் உண்டு. விலைப்பட்டியலின் தேதி காலாவதியாகிவிட்டது என்று எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. அதை முன்கூட்டியே சொல்ல முகப்பில் ஆளில்லை. ஒப்புதல் வந்த பிறகும் அறுவை அறை வரிசை நகரவில்லை, ஏழு மாதம் காத்திருந்தோம். பணம் கொடுக்கும் திட்டத்தால் மருத்துவரின் எண்ணிக்கை கூடிவிடாது. செம்பனைத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகும் அக்கா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்த ஆறு வாரத்துக்கு யாரும் ஈடு தரவில்லை. 38 வயதில் முதுகுத் தண்டு நைந்துபோன பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர், இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும்.

ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுக்கிறேன். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலின் தேதியை முதலில் பாருங்கள்.